வாணிகமும் குலமும்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் அடியார் கூட்டத்தோடு மாட்டுச் சந்தையும் கூடுகிறது. வீதியெங்கும் கடைகள் விரிகின்றன. கோயிலும் வாணிகமும் இணைந்து வளர்ந்தது நெடுங்கால வழக்கம். ஆயின் வணிகர் தனியொரு குலத்தினராக ஆனது எவ்வாறு என்பது சிந்திக்கத்தக்கது.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் உழவு, ஆநிரை காத்தல், வாணிகம் மூன்றையும் வைசியரின் இயல்பான தொழிலாகக் கூறுகிறது. தமிழகத்திலோ உழுதவர் வேளாளர், ஆநிரை காத்தவர் ஆயர், விற்றவர் வணிகர். நூல் வகுத்த வருணம் வேறு, ஊரில் விளைந்த சாதி வேறு என்பது இதனால் விளங்கும்.

கள்ளழகர் எழுந்தருளியுள்ள அழகர்மலையின் குகையில் கி.மு. முதல் நூற்றாண்டளவிலான தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. தானமளித்தோர் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்றே குறிக்கப்படுகின்றனர். கொழு ஏர்முனை, அறுவை துணி. சரக்குதான் அவர்களுக்கு அடையாளம். வருணம் அங்கே பேசப்படவில்லை. அதனினும் பழைய மாங்குளம் கல்வெட்டு வெள்ளறை நிகமத்தோரைச் சுட்டுகிறது. நிகமம் என்பது வணிகர் கூட்டமைப்பு. வள்ளுவரும் வாணிகத்தைக் குடிமை அதிகாரத்தில் வையாது நடுவுநிலைமையில் வைத்தார்.

சோழர் காலத்தில் நகரம் என்னும் வணிகர் சபைகளும், ஐந்நூற்றுவர் போன்ற பெருங்குழுக்களும் ஓங்கின. பல நாட்டு வணிகர் கூடியமையால் நானாதேசிகள் என்ற பெயரும் வழங்கிற்று. பர்மாவின் பகான் நகரில் அவர்கள் பெயரால் நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலே இருந்தது. மலைமண்டலத்து மகோதயர் பட்டினத்துக் குலசேகர நம்பி அங்கு மண்டபமும், திருக்கதவும், நின்றெரியும் விளக்கும் அளித்ததை 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு கூறுகிறது. கடல் கடந்தும் பெருமாளை மறவாதவர்கள்!

பிறகு பிறப்பு ஏன் முன்வந்தது? கடன் கொடுத்தலே முதற்காரணம் எனலாம். அக்கரை சென்றவன் திரும்பாவிடில் யாரைக் கேட்பது? ஓலைச்சீட்டினும் உறவே உறுதியான பிணை. கணக்கு நுட்பமும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. நகரம் என்ற பழஞ்சொல்லைப் பெயரில் தாங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் ஒன்பது கோயில்களைக் கொண்டு பங்காளி உறவையும் மணவுறவையும் வரையறுத்தனர். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்தம் லேவாதேவி அந்த உறவின் நம்பிக்கையில்தான் நடந்தது. அண்ணாமலையார் கோயில் திருப்பணியிலும் நகரத்தார் பங்கு பெரிது.

எனினும் நம்பிக்கைக்கு இட்ட வேலி பிறருக்குத் தடையுமாயிற்று. நாணயமும் திறமையும் உடையவனாயினும், உறவில்லாதவனுக்கு முதல் கிடைப்பது அரிது. பெட்டியடியில் அமர்ந்து தொழில் பழகுவது அதனினும் அரிது.