பாவம் பார்த்தா போதுமா?

இன்னிக்கு ஒரு கேள்வி. கொஞ்சம் பொறுமையா படிங்க.

மாற்றுத்திறனாளி ஒருத்தருக்கு வேலை கிடைச்சா நமக்கெல்லாம் சந்தோஷம். ஆனா, “பாவம், அவருக்கு எதுக்கு சிரமம்?”னு வெளியூர் வேலை, புதுப் பயிற்சி, பெரிய பொறுப்பு எதையும் அவருக்குத் தர மாட்டோம். பத்து வருஷம் கழிச்சு பதவி உயர்வு வரும்போது, “அவருக்கு அனுபவம் இல்லையே”ன்னு சொல்லுவோம். அந்த அனுபவத்தைத் தடுத்ததே நம்ம இரக்கம்தானே?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரக்கத்தைப் பேசல, உரிமையைப் பேசுது. அரசுப் பணியில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு. குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி பதவி உயர்வை மறுக்கக் கூடாது. பணியில் இருக்கும்போது ஒருவருக்குக் குறைபாடு வந்தாலும், அரசு நிறுவனம் அவரை நீக்கக் கூடாது, பதவியைக் குறைக்கவும் கூடாது. பழைய வேலை முடியலன்னா, அதே சம்பள விகிதத்தில் வேறு பணிக்கு மாத்தணும்.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது இந்தக் கடைசி விஷயம்தான். இருபது வருஷம் பஸ் ஓட்டினவருக்குப் பார்வை மங்கினா, போனது பார்வை மட்டும்தான். வழித்தடமும் வண்டியோட நெளிவு சுளிவும் அவருக்கு அத்துப்படி. புதுசா வர்றவங்களுக்கு அவரே ஆசான்.

நாளைக்கு அந்த நிலைமை நமக்கும் வரலாம். அப்போ நாம கேக்கப்போறது இரக்கமா, மரியாதையா?

அதனால, பக்கத்து சீட்ல இருக்கறவருக்காக நீங்களே முடிவு பண்ணாதீங்க. “உங்களால முடியுமா, என்ன வசதி வேணும்?”னு அவர்கிட்டயே கேளுங்க.