ரேகை அவளோடது, சம்மதம்?

காலனியில சொத்துத் தகராறு வந்தால் பஞ்சாயத்தில் முதல் கேள்வி, 'ரேகை அவளோடதுதானா?' என்பதுதான். ஆமான்னா பேச்சு முடிஞ்சிடும். எனக்குக் கேள்வியே அதுக்கப்புறம்தான். ரேகை அவளோடது, சரி. சம்மதம் யாரோடது?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. அடுத்தவர் மனசை ஆட்டிவைக்கிற இடத்தில் இருப்பவர், அந்த இடத்தை வைத்தே நியாயமில்லாத ஆதாயம் அடைந்தால் அது தகாத செல்வாக்கு என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஏமாற்றியோ மிரட்டியோ, சுயபுத்தி இழக்கும்வரை நச்சரித்தோ வாங்கிய உயில் செல்லாது என்கிறது 1925 வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதும்போது முன்னே நின்றவனே பெரும்பலனும் அடைந்தால், சந்தேகத்தை அவன்தான் தீர்க்கவேண்டும் என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு ஒரு கிழவரும், பக்கத்தில் ஒரு தந்திரக்காரனும் தெரியணும். ஊரே அந்தத் தந்திரக்காரனாக இருந்தால்? பஞ்சமி நிலத்தைப் பத்து வருஷம் விற்கக்கூடாது, பிறகும் நம்மாளுகளுக்குத்தான் விற்கலாம் என்று வெள்ளைக்காரன் நிபந்தனை போட்டான். கடனுக்கும் கூலிக்கும் ஊர்த்தெருவில் நிற்கிறவனிடம் கைநாட்டு எப்படி வாங்குவார்கள் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது. அப்படியும் நிலம் போச்சு. அதைத் திரும்பக் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இதுவரை பேசுவது நமக்குச் சுலபம். நம்ம வீட்டு விடுதலைப் பத்திரத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை.

1956 சட்டம் அப்பன் சுயமாய்ச் சம்பாதித்ததில் மகளுக்குப் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்திலும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தியது. அதற்குமுன் கல்யாணமானவளை விட்டுவிட்டது. நாடு முழுக்க எல்லா மகளுக்கும் என்றானது 2005இல். அதனால் இன்றைக்கு அவள் கையெழுத்து தேவைப்படுது. அண்ணன் ஆட்டோ வைத்து ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறான். புடவை, பிரியாணி. ஒருத்தரும் மிரட்டவில்லை. பங்கு கேட்டால் பொறந்த வீடு இல்லை, அவ்வளவுதான். பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வது? நாளைக்கு அவள் செத்தால் பொறந்தவீட்டுக் கோடி யார் போடுவது? கோர்ட்டில் 'உன்னை யாரம்மா மிரட்டினது?' என்று கேட்டால் அவளுக்குச் சொல்ல ஒரு பேர்கூட இருக்காது.

'இருப்பதே மூணு சென்ட், அதைக் கூறு போட்டா நாம எங்க நிக்கிறது? பெத்தவங்களைப் பார்த்தவன் நான்தானே?' என்பார்கள் தோழர்கள். உண்மையான கஷ்டம்தான், நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்தை அவளிடம் சொல்லி, அவள் 'மாட்டேன்' என்றாலும் மறுநாள் அந்த வீட்டில் சோறு உண்டு என்ற நிலையில் கேட்டோமா? பண்ணையார் முன்னால் தாத்தா கைநாட்டு வைத்ததைச் சம்மதம் இல்லை என்கிறோம். அண்ணன் முன்னால் தங்கச்சி வைத்ததை மட்டும் பாசம் என்கிறோம்.

எங்க தெருவில் ஒரு அக்கா மட்டும் போட மறுத்தாங்க. அண்ணன் பேச்சை நிறுத்தினான். அடுத்த மாசி மாசம், மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்துக் காது குத்தினாங்க. பந்தியில் பாதி இலை காலியாகத்தான் கிடந்தது.