ஓலையில் ஏறிய ஈடு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் என்று ஒன்று எழுத்தில் உண்டு என்பது இன்று நமக்கு இயல்பான செய்தி. எம்பெருமானார் காலம் வரை அது இயல்பன்று. ஆழ்வார் பாசுரங்களின் பொருள் ஆசார்யன் திருவாயிலிருந்து சிஷ்யன் செவிக்குச் செல்வதாக இருந்தது; ஓலைக்குச் செல்வதாக இல்லை. தமிழ்ப் பாசுரத்துக்கும் பாஷ்யம் போல் ஒரு உரை வேண்டும், அது ஏட்டிலும் ஏற வேண்டும் என்பது புதிய எண்ணம். அந்த எண்ணம் நம் ஸம்ப்ரதாயத்தை எவ்வாறு உருவாக்கியது, அதற்காகப் பூர்வர்கள் எவ்வளவு தயங்கினர் என்பதே இங்கு விண்ணப்பம்.

ஸ்ரீபாஷ்யம் அருளிய எம்பெருமானார், திருவாய்மொழிக்குத் தாமே உரை எழுதவில்லை. தாம் எழுதினால் ஆழ்வார் பாசுரத்துக்குப் பொருள் இவ்வளவே என்று பின்புள்ளார் எல்லை கட்டிவிடுவர் என்பது அவர் திருவுள்ளம் என்று பெரியோர் ஸாதிப்பர். அடியேனுக்கு இது எப்போதும் வியப்பு. தம் சொல் பிறர் வாயை அடைத்துவிடக் கூடாதே என்று அஞ்சிய பெரியவர்களை வரலாற்றில் எத்தனை பேர் என்று எண்ணுவது? அவர் திருக்குருகைப்பிரான் பிள்ளானை நியமித்தார். கதவடைத்த அறையில் உடையவர் எந்தப் பாசுரத்தை அனுஸந்தித்துக் கொண்டிருந்தார் என்பதைத் திருமேனியின் பாங்கைக் கண்டே சொன்னவர் பிள்ளான். அவர் அருளியது ஆறாயிரப்படி.

படி என்பது அளவு. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம். ஆறாயிரம் கிரந்தம் என்றால் 1,92,000 எழுத்து. விஷ்ணு புராணத்தின் அளவு என்பர். வங்கியில் காலம் கழித்தவனாகையால் அடியேனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. திருவாய்மொழிப் பாசுரம் 1102. பிள்ளான் உரை பாசுரத்துக்குச் சராசரி ஐந்து கிரந்தத்துக்குச் சற்று மேல். ஈடு முப்பத்தாறாயிரப்படியோ பாசுரத்துக்கு முப்பத்திரண்டு கிரந்தத்துக்கும் மேல். எம்பெருமானார் எல்லை கட்டாமல் விட்ட இடம், சில தலைமுறைகளுக்குள் ஆறு மடங்காக வளர்ந்தது.

இடையில் நடந்தது நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி. அதைச் செவ்வையாகப் பிரதி செய்ய நம்பூர் வரதராசரிடம் நஞ்சீயர் கொடுத்தார். அவர் ஊருக்குப் போகும் வழியில் காவிரியில் வெள்ளம். ஓலைக் கட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். வெள்ளம் அதைக் கொண்டு போயிற்று. ஆசார்யனின் மூலப்பிரதி போயிற்று! கேட்டதை நினைவில் கொண்டு முழுவதையும் எழுதினார். எழுதும்போது சில இடங்களில் தமக்குத் தோன்றிய விசேஷார்த்தங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் படித்துப் பார்த்து, தாம் எழுதாதது எப்படி வந்தது என்று கேட்டார். நடந்ததை நடுங்கிக்கொண்டு விண்ணப்பித்தவரை வாரி அணைத்து, 'நம்பிள்ளை' என்று திருநாமம் சாற்றினார். சிஷ்யன் சேர்த்த பொருளை ஆசார்யன் தன் நூலுக்குக் குறையாகக் கொள்ளாமல் நிறைவாகக் கொண்ட இடம் இது. பிள்ளானிடம் உடையவர் வைத்த நம்பிக்கையின் தொடர்ச்சி என்றே அடியேன் இதைக் கொள்கிறேன்.

அந்த நம்பிள்ளையே பின்னர் எதிர்ப்பக்கம் நிற்க நேர்ந்தது. அவர் நியமனத்தால் பெரியவாச்சான் பிள்ளை இருபத்துநாலாயிரப்படி அருளினார். வடக்குத் திருவீதிப் பிள்ளையோ, பகலில் கேட்ட காலக்ஷேபத்தை இரவில் தனியே பட்டோலை கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் அவர் திருமாளிகைக்கு அமுது செய்ய எழுந்தருளிய நம்பிள்ளை, தாமே திருவாராதனம் செய்யப் புகுந்தபோது கோயிலாழ்வாரில் அந்த ஓலைக் கட்டைக் கண்டார். மறந்து போகாமல் இருக்க எழுதி வைத்தேன் என்றார் பிள்ளை. உரையின் அழகில் நம்பிள்ளைக்கு மகிழ்ச்சி. ஆனால் நியமனமின்றி எழுதியதை உடனே உலகில் பரப்ப அவர் இசையவில்லை. ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அது சேர்ந்தது. அவரிடமிருந்து பத்மநாபப் பெருமாள், நாலூர் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை, திருவாய்மொழிப்பிள்ளை என்று ஓராண் வழியாக வந்தது.

ஒரே ஒரு வழி. நடுவில் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பு. நம்பெருமாள் ஊர் ஊராக எழுந்தருள, உடன் சென்ற பிள்ளை லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் பரமபதித்தார். நம்பெருமாள் திருவரங்கம் மீண்டது 1371இல். அந்த இடைக்காலத்தில் ஒரு சுவடி நெருப்பில் போயிருந்தால், ஒரு ஆசார்யர் சிஷ்யனைக் காணாமலே பரமபதித்திருந்தால், நமக்கு ஈடு இல்லை. தகுதியில்லாதவன் கையில் சேரக் கூடாது என்ற காவலே, எவர் கையிலும் சேராமற் போகும் ஆபத்தையும் கொண்டு வந்தது. இதைச் சொல்வது நம்பிள்ளையைக் குறை கூறுவதாகாது; திருக்கோட்டியூரில் உடையவர் கண்ட இக்கட்டே இங்கும் வந்தது.

மணவாள மாமுனிகள் காலத்தில் அது தீர்ந்தது. பரிதாபி ஆண்டு ஆவணியில் தொடங்கி, பிரமாதீச ஆண்டு ஆனித் திருமூலம் வரை, அதாவது 1432–33இல், நம்பெருமாள் தம் உத்ஸவங்களை நிறுத்திக் கேட்க, பெரிய கோயிலில் ஈடு ஓராண்டு ஸாதிக்கப்பட்டது. ஒருவர் செவிக்கு ஒருவர் வாய் என்றிருந்தது கோஷ்டியின் சொத்தாயிற்று. மாமுனிகள் பரப்பினார் என்று மட்டும் சொன்னால் பாதியே சொன்னதாகும். ஈட்டில் வரும் மேற்கோள்களுக்கு மூலம் தேடித் திரட்டி வைத்தார். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையில் பெரும்பகுதி அழிந்தபோது, அழிந்த அளவுக்கே தாம் எழுதி, பிள்ளையின் சொல் மீண்டும் தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். ஒரு சொல்லும் மிகையாக இல்லை. திறந்து கொடுத்த கையே இவ்வளவு கணக்காகவும் இருந்தது.

இதையெல்லாம் அடியேன் எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு; சொல்ல வெட்கமே. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் காலக்ஷேப ஸ்வாமி ஸாதித்ததைக் கைபேசியில் பதிவு செய்து, வெளிநாட்டிலிருக்கும் குமாரனுக்கு அனுப்பினேன். அனுமதி கேட்கவில்லை. அது கைமாறி, யாரோ நடுவில் நான்கு நிமிஷம் வெட்டி எடுத்துப் பரப்பினார். ஸ்வாமி மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன பூர்வபக்ஷம் மட்டுமே அதில் இருந்தது. மறுக்கும் பகுதி வெட்டில் போயிற்று. ஸ்வாமியே அக்கொள்கையை உடையவர் என்று சிலர் எழுதினர். ஸேவித்து ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, நம்பிள்ளை கோயிலாழ்வாரில் கண்ட ஓலைக் கட்டைப் பற்றி மட்டும் கேட்டார். பிறகு ஒரு நியமனம் செய்தார்: பதிவு செய்யலாம், முழுவதுமாகவே இருக்க வேண்டும், எழுத்தில் பெயர்த்துத் தம்மிடம் காட்டிய பின்பே வெளியே போக வேண்டும்.

அன்று முதல் எழுதி வருகிறேன். இப்போது இரண்டாம் பத்து நடக்கிறது. சென்ற வாரம் திரும்பி வந்த தாளில் ஒரு வாக்கியத்தை ஸ்வாமி சிவப்பு மையால் அடித்திருந்தார். பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் ஸாதிக்காதது, அடியேன் சேர்த்தது. நம்பிள்ளை கதையை நினைவூட்டிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாளை வேறு எழுதிக் கொண்டு போய்க் கொடுத்தேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்