கலம் உடைந்தோர்க்குரிய கடன்

2024 டிசம்பரில் இலங்கையின் முல்லைத்தீவுக் கடற்பகுதியில் தென்பட்ட படகொன்றில், மியன்மாரிலிருந்து வெளியேறிய ரோகிங்கியா மக்கள், குழந்தைகள் உட்பட, நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அப்படகை முதலில் கண்டவர்கள் உள்ளூர் மீனவர்கள். பசித்திருந்தோர்க்கு உணவும் நீரும் கொண்டு சென்றவர்களும் அக்கரையோர மக்களே. அரசுத் தரப்பிலோ சில நாள்களிலேயே ஆட்கடத்தல் என்றும் திருப்பி அனுப்புதல் என்றும் பேச்சு எழுந்தது. 2022 டிசம்பரில் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் பழுதடைந்து மிதந்த படகிலிருந்து 104 பேரை இலங்கைக் கடற்படை மீட்டதும் மீனவர் தந்த தகவலால்தான். கடலில் அல்லலுறுவோரைக் காக்கும் கடமை, அவர் யார், எவ்வழியில் வந்தார் என்பதைப் பொறுத்து மாறுமா என்ற வினாவுக்கு, மாறாது என்பதே தமிழ் அறமரபின் தெளிவான விடை.

மதுரையை அடுத்த, கடல் காணாத நாகமலை புதுக்கோட்டை போன்ற ஊர்களில் இச்செய்தியை நாளிதழில் படிப்போர்க்கு இது தொலைதூரச் சிக்கலாகத் தோன்றலாம். எனினும் இவ்வறத்தை விரித்துரைத்தவரே மதுரைக் கூலவாணிகர், அதாவது தானிய வணிகர், சாத்தனார். அவருடைய மணிமேகலையில், கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், தன்னைத் தின்ன வந்தோரின் தலைவனுக்கு அவர்கள் வாழ்வுக்கு ஏற்ற அறத்தை எடுத்துரைக்கிறான்; கலம் உடைந்து கரை சேர்வோரைக் கொல்லாது காத்தல் அதில் தலையாயது. வருபவன் வணிகனா, கள்வனா என விசாரித்தபின் காக்குமாறு அவன் கூறவில்லை என்பது கருதத்தக்கது. மணிமேகலையின் தந்தை கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்த தெய்வத்தின் பெயரே காப்பியத் தலைவிக்குச் சூட்டப்பட்டது. தமக்கென முயலாது பிறர்க்கென முயல்வோரால்தான் உலகம் நிலைத்திருக்கிறது என்ற புறநானூற்றின் 182ஆம் பாடலைப் பாடியவனோ கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்னும் பாண்டியன். வள்ளுவர், பிறர் துன்பம் கண்டு இரங்கும் பண்பாகிய கண்ணோட்டத்தைத் துறவறத்தில் வைக்காமல் அரசியலில் வைத்தார். ஆகவே இரக்கம் மீனவர்க்கு, விசாரணை அரசுக்கு என்று பங்கு பிரிப்பவர்க்குக் குறளில் இடமில்லை.

இக்காலச் சட்டமும் இவ்வழியே செல்கிறது. கடலில் தேடி மீட்பதற்கான 1979ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, நாட்டினமோ நிலையோ பாராமல் உதவுமாறு பணிக்கிறது.

எல்லையைக் காப்பதும் ஆட்கடத்துவோரைத் தண்டிப்பதும் அரசின் உரிமை என்பது உண்மையே. அவ்வுரிமை கரையேற்றிய பின்னரே தொடங்குகிறது.

காக்கச் செல்வோரின் நிலையையும் காண வேண்டும். மான் தீவில் (Isle of Man) வாழ்ந்த வில்லியம் ஹிலாரியின் முயற்சியால் 1824இல் தோன்றிய பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தில் இன்றும் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்; ஆங்கிலக் கால்வாயில் குடியேறிகளைக் காத்ததற்காக அவர்கள் 2021இல் வசைக்கு ஆளாயினர். ஆயினும் அவர்களுக்குப் படகும் பயிற்சியும் நிறுவனம் தருகிறது. முல்லைத்தீவு மீனவர்க்கோ அவ்வாறான ஏற்பாடு இல்லை. டீசலும் அன்றைய மீன்பாடும் அவர் கையிலிருந்தே போகின்றன. 2018 வெள்ளத்தில் மீட்புக்குச் சென்ற படகுகளுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாய் தருவதாகக் கேரள அரசு அறிவித்தபோது, உயிர் காத்ததற்குக் கூலி வேண்டாமென்று சில மீனவர்கள் மறுத்தனர். அம்மறுப்பு அவர்களுடைய பெருமை. அதைக் காரணம் காட்டிச் செலவை ஈடுசெய்யாமல் விடும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை.