கதிர்காமக் காட்டுவழியும் சைவ சித்தாந்தமும்

கதிர்காமக் கொடியேற்றத்துக்குக் கால்நடையாகச் செல்லும் பாத யாத்திரை, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை கடந்து ஈச்சிலம்பற்றுக்கு வருகிறது. வெருகலாற்றங்கரையில் சித்திர வேலாயுதரை வணங்கி, மட்டக்களப்பு வழியே உகந்தை சேர்கிறது. அதன்பின் காடுதான். கும்புக்கன் ஆற்றைத் தாண்டி மாணிக்க கங்கை வரை சில நாள் நடை.

முருகனைக் காணப் போகிறவர் வழியில் மரத்தையும் மிருகத்தையும் பார்த்து நிற்பது பக்தியா, பராக்கா? உலகம் முடிவான உண்மையன்று என்னும் அத்வைதத்தின்படி, காடு கடந்து போகவேண்டிய தோற்றம். சைவ சித்தாந்தம் இதை ஏற்பதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவது, கண்ணால் காணும் உலகிலிருந்தே தொடங்குகிறது: தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகுக்கு ஒரு முதல்வன் வேண்டும். தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (வாழும் உலகம்), போகம் (நுகர்பொருள்) ஆகிய நான்கும் உயிர் பக்குவப்பட இறைவன் கொடுத்தவை. ஆகவே காட்டைப் பார்ப்பது வழிபாட்டுக்குப் புறம்பானதன்று.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. 'அரோகரா' முழக்கத்தோடு போகும் கூட்டத்துக்கு மிருகம் எளிதில் கண்ணில் படாது. பாதுகாப்புக்கு அதுவே நல்லது. அடிச்சுவடும் எச்சமும்தான் மிஞ்சும். பாலைப்பழக் காலத்தில் கரடியின் எச்சம் முழுக்கப் பாலைக்கொட்டையாக இருக்கும். பழத்தின் இனிப்பைக் கரடி எடுத்துக்கொண்டு, கொட்டையை வேறிடத்தில் போட்டுவிடுகிறது. காட்டை உண்மையில் வாசிக்கிறவர் குனிந்து பார்க்கிறவர்தான்.

யானை எதிர்ப்பட்டால் பிள்ளையார் நினைவு வருவது இயல்பு. வள்ளியை முருகனிடம் சேர்க்க யானையாய் வந்தவர் அவர். ஆனால் கும்பிடுகிறவரும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து விலகியே நிற்பார். இதில் முரண்பாடில்லை. இறைவன் உலகோடு ஒன்றாய், வேறாய், உடனாய் இருக்கிறான் என்ற கோட்பாட்டில், யானை யானையாகவே இருக்க இடமுண்டு.

சித்தாந்தத்தில் உயிரைக் குறிக்கும் 'பசு' என்ற சொல் மனிதரை மட்டும் குறிப்பதன்று. கரடியும் யானையும் தத்தம் வினைக்கேற்ப உடல் பெற்ற உயிர்களே; இந்தக் காடு அவற்றின் புவனம். வறண்ட ஆற்றுமணலைத் தோண்டினால் ஊறும் நீரை யாத்திரிகரும் குடிக்கிறார்கள், யானையும் குடிக்கிறது. அந்த ஊற்றருகே பொலித்தீன் பையை வீசுகிறவர், இன்னொரு உயிரின் பக்குவத்துக்காகக் கொடுக்கப்பட்டதில் கைவைக்கிறார்.