பிறர் இழப்புக்கு விலை பேசலாமா?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து நாம் பள்ளிவாசலில் அமர்ந்திருந்தபோது இளைஞர் ஒருவர் வந்து தம் கைப்பேசியைக் காட்டினார். சர்வதேசக் கால்பந்துப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஒரு நாட்டின் அணி வராமற் போகுமா, போனால் அதன் இடத்திற்கு எந்த நாடு வரும் என்று அதில் வினா இருந்தது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலையும் போட்டிருந்தது.

"ஹஜ்ரத், இது சூதாட்டம் இல்லை. கணிப்புச் சந்தை என்று பெயர். பங்கு வாங்குவது போல வாங்குகிறோம். விலை ஏறினால் விற்கிறோம். இது கூடும்தானே?" என்று கேட்டார்.

அந்த இளைஞர் ஐவேளையும் தொழுபவர். தெரியாமல் கேட்டார் என்பதால் நாமும் பொறுமையாக விளக்கினோம். அதையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் இந்தச் சந்தை நடக்கும் விதத்தைப் பார்ப்போம். ஓர் அணி வராது என்பதற்கான "ஆம்" சீட்டின் விலை 20 சென்ட் என்று வைத்துக் கொள்வோம். அதாவது, அது நடக்க நூற்றுக்கு இருபது வாய்ப்பு உண்டு என்று சந்தை மதிப்பிடுகிறது. நடந்துவிட்டால் சீட்டு வைத்திருப்பவருக்கு ஒரு டாலர் கிடைக்கும். நடக்காவிட்டால் அவர் போட்ட 20 சென்டும் போய்விடும். "இல்லை" என்று 80 சென்ட் போட்டவர் அந்த டாலரை எடுத்துக் கொள்வார்.

வியாபாரத்தில் ஒருவர் பணம் பெறுகிறார், மற்றவர் பொருள் பெறுகிறார்; இருவருக்கும் பயன் உண்டு. இங்கே கைமாறும் பொருள் எது? பங்கு என்று சொன்னாலும் எந்தத் தொழிலிலும் உரிமை கிடையாது. ஒருவருக்கு வரும் ஒவ்வொரு காசும் இன்னொருவர் இழந்த காசு. முடிவுக்கு முன்பே சீட்டை விற்றுவிட்டாலும் விற்கப்பட்டது சூதுச் சீட்டுத்தான். சந்தை என்று பெயர் சூட்டிவிட்டால் ஹராம் ஹலாலாகி விடாது. திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 90ஆம் வசனத்தில் மதுவோடு சேர்த்து விலக்கப்பட்ட மைசிர் இதுவேயாகும்.

"மக்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பதை இந்த விலை காட்டுகிறதே, அது பயன் இல்லையா?" என்று சிலர் வாதிடுவர். சூதில் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை அல்லாஹுத் தஆலாவே அல்பகரா அத்தியாயம் 219ஆம் வசனத்தில் சொல்லி விட்டான். அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்து, அம்புகளால் சீட்டெடுத்துச் சூதாடினார்கள். வென்ற இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமையும் பட்டார்கள். ஏழையின் பசி தீர்த்த அந்தச் சூதையே, பயனைவிடப் பாவம் பெரிது என்று கூறித் தடுத்தது மார்க்கம். விலைப்பட்டியல் காட்டும் இந்தச் சூதுக்கு அதைவிடப் பெரிய பயன் ஏது?

வேறு சிலர், ஹஸ்ரத் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் பந்தயம் வைக்கவில்லையா என்று கேட்பதுண்டு. உண்மைதான். தோற்ற ரோமர் சில ஆண்டுகளுக்குள் பாரசீகரை வெல்வார்கள் என்று அர்ரூம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கியபோது, குறைஷிகளோடு அவர்கள் பந்தயம் வைத்தார்கள். ஆனால் அது சூது தடுக்கப்படுவதற்கு முன் நடந்தது. வென்று வந்ததைத் தர்மம் செய்துவிடும்படி நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு. வஹீயின் உறுதியோடு பந்தயம் வைத்தவருக்கே அந்நிலை என்றால், நாளை என்ன சம்பாதிப்போம் என்றுகூட அறியாத நாம் எம்மாத்திரம்!

சகோதரர்களே! இந்தக் குறிப்பிட்ட பந்தயத்தில் இன்னொரு தீங்கும் உண்டு. ஓர் அணி ஏன் போட்டியிலிருந்து நீங்குகிறது? சில வேளைகளில் அந்நாட்டுக்கு ஏதோ ஒரு துன்பம் வந்திருக்கும்.

1938ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு ஆஸ்திரியா தகுதி பெற்றிருந்தது. அந்நாட்டையே ஜெர்மனி தன்னோடு இணைத்துக் கொண்டதால் அணியே இல்லாமற் போயிற்று. இங்கிலாந்தை அழைத்தார்கள், அது வரவில்லை. அந்த இடம் காலியாகவே கிடந்தது.

1992இல் நடந்ததைப் பாருங்கள். ஐரோப்பியக் கோப்பைக்கு யுகோஸ்லாவியா தகுதி பெற்றிருந்தது. அதன் பிரிவில் ஒரே ஒரு புள்ளி குறைவாகப் பெற்று டென்மார்க் இரண்டாவதாக நின்றது. அதற்குள் போஸ்னியாவில் போர் மூண்டது. ஏப்ரலில் சரயேவோ நகரம் முற்றுகைக்குள்ளானது. அணியின் பயிற்சியாளர் இவிட்சா ஓசிம் அந்நகரைச் சேர்ந்தவர். மனைவியும் மகளும் முற்றுகைக்குள் சிக்கியிருக்க, அவர் கண்ணீரோடு பதவியைத் துறந்தார். மே 27 அன்று சரயேவோவில் ரொட்டிக்காக வரிசையில் நின்றவர்கள் மீது குண்டு விழுந்து பலர் மாண்டனர். மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை யுகோஸ்லாவியா மீது தடை விதித்தது. விளையாட்டும் அதில் அடங்கும். அந்த இடத்திற்கு அழைக்கப்பட்ட டென்மார்க், ஜூன் 26 அன்று ஜெர்மனியை 2-0 என வென்று கோப்பையையே பெற்றது.

டென்மார்க் வீரர்கள் மீது குற்றமில்லை, அழைத்தார்கள், ஆடினார்கள். ஆனால் அந்த மே மாதத்தில் "டென்மார்க் வரும்" என்ற சீட்டு ஒருவர் கையில் இருந்திருந்தால் அவர் எந்தச் செய்திக்காகக் காத்திருந்திருப்பார்? சரயேவோவில் சண்டை ஓய்ந்தது என்றால் சீட்டின் விலை விழும். இன்னும் சிலர் மாண்டனர் என்றால் ஏறும். போஸ்னியச் சகோதரர்களுக்காகக் கையேந்திக் கேட்கும் துஆவும் பையிலுள்ள சீட்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்குமே! சூதின் மூலம் ஷைத்தான் பகைமையை மூட்டி, இறை நினைவையும் தொழுகையையும் விட்டுத் திருப்ப நாடுகிறான் என்ற 91ஆம் வசனத்தின் கருத்தை இங்கே கண்கூடாகக் காண்கிறோம்.

இவ்வளவையும் கேட்ட இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஏற்கெனவே வந்த பணத்தை என்ன செய்வது?" என்று கேட்டார். தோற்றவர் இன்னார் என்று தெரிந்தால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தெரியாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கையைக் கழுவிவிட வேண்டும். தவ்பாச் செய்து மீண்டும் அதன் பக்கம் போகாதிருக்க வேண்டும். "வா, சூதாடுவோம்" என்று வாயால் அழைத்தவர்கூடத் தர்மம் செய்யட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, ஆடியவர் எவ்வளவு அஞ்ச வேண்டும்!

கால்பந்தைப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. தொழுகை தவறாமல் பாருங்கள். நன்றாக ஆடுபவரைப் பாராட்டுங்கள். ஒரு நாட்டின் அணி வர முடியாமற் போனால், அந்நாட்டு மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்து அவர்களுக்காக துஆச் செய்யுங்கள்.

பிறர் துன்பத்தில் இலாபம் தேடும் உள்ளத்தை விட்டும் வல்ல ரஹ்மான் நம்மையும் நம் பிள்ளைகளையும் காத்து, ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.