பிரமாதம் என்னும் பெரும்பிழை



மயிலாப்பூரில் அன்பர் ஒருவர் இல்லத்தில் திங்கள்தோறும் சுவாத்தியாயம் நிகழ்ந்து வருகிறது. அண்மையில் ஒரு நாள், வாசிப்பு நிறைவுற்றபின், வந்தவாசிப் பகுதியிலிருந்து வந்து இந்நகரில் நெடுங்காலமாக வாழும் மூதாட்டியார் ஒருவர் எழுந்து ஒரு வினாவை எழுப்பினார். அவருடைய பேரன் பரங்கிமலையிலுள்ள படை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்குத் தேர்வு பெற்றிருக்கிறான். "ஐயா, எறும்பு மிதிபடுமே என்று வாசலில் பார்த்து நடக்கப் பழக்கி வளர்த்த பிள்ளை. அவன் பீரங்கிப் பக்கம் போய் நிற்கலாமா? பகைவனைச் சுடுவதாவது போகட்டும். குண்டு விழும் இடத்தில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?" என்று கேட்டார். நேரம் கடந்துவிட்டமையால் அன்று சுருக்கமாகவே விடை கூறினேன். அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் இங்கு விரித்துரைக்க முற்படுகிறேன்.

வினாவின் முதற்பகுதி எளிது. இம்சையை நால்வகையாகப் பகுத்துக் கூறுவது நம் மரபு. கொல்ல வேண்டும் என்று எண்ணியே கொல்வது சங்கல்பி. அடுப்பெரித்தல், நீரிறைத்தல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி. உழவு, வாணிகம் முதலிய தொழில்களில் நேர்வது உத்யோகி. தன்னையும் தன் நாட்டையும் காக்கும் பொருட்டு எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி. இவற்றுள் சங்கல்பியை மட்டும் இல்லறத்தார் முற்றிலும் துறத்தல் வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கையும் துறப்பது முனிவர்க்குரிய மகாவிரதம். எனவே படையில் சேர்ந்தமையாலேயே ஒரு சிராவகனின் அணுவிரதம் முறிந்துவிடாது. சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரின் திருவுருவை எடுப்பித்த சாவுண்டராயர் கங்க மன்னர்களின் படைத்தலைவர். அவரை ஜைனர் அல்லர் என்று எவரும் கூறியதில்லை.

வினாவின் பிற்பகுதியே கடினமானது. குழந்தையைக் கொல்ல எண்ணாத ஒருவனுடைய குண்டினால் குழந்தை இறந்தால், அது சங்கல்பி அன்று. பகைவன் அல்லாத உயிர் ஆதலால் அதனை விரோதியில் சேர்க்கவும் மனம் கூசுகிறது. பின் அது யாது?

இதற்கு விடை 'பிரமாதம்' என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இக்காலத் தமிழில் சமையல் நன்றாயிருந்தாலும், கச்சேரி நன்றாயிருந்தாலும் பிரமாதம் என்று பாராட்டுகிறோம். ஆகமத்தில் அச்சொல்லுக்கு அசட்டை, விழிப்பின்மை, கவனக்குறைவு என்று பொருள். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர் போவதை மட்டும் இம்சை என்று கூறாமல், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர் போவதையே இம்சை என்கிறார். பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். எதிரேயுள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு உயிர் இறந்தமை ஒன்றினால் மட்டும் வினைக்கட்டு உண்டாவதில்லை என்பது அவர் கருத்து. 'நான் கொல்ல எண்ணவில்லையே' என்ற வாதம் இங்கே எடுபடாது என்பதை அன்பர்கள் கருதிப் பார்க்க வேண்டும். எண்ணினாயா என்று மட்டும் ஆகமம் கேட்கவில்லை. பார்த்தாயா என்றும் கேட்கிறது.

இக்கேள்வியை மயிலை நகரத்தார்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. இவ்வூர்க் கடற்கரையில் முற்காலத்தே நேமிநாதர் ஆலயம் ஒன்று இருந்ததென்பதும், கடல் கொள்ளும் என்ற அச்சத்தால் அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எழுந்தருளுவிக்கப்பட்டதென்பதும் நம்முள் வழங்கிவரும் செய்தி. குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பெயரிட்டதும் அப்பெருமான் நினைவாகவே. அவருடைய வரலாற்றை நினைவுகூருங்கள். மணக்கோலத்தில் தேரேறி வருகிறார். வழியில் பட்டியில் அடைபட்ட விலங்குகளின் கதறல் கேட்கிறது. மணவிருந்தின்பொருட்டு அவை அடைக்கப்பட்டுள்ளன என்று தேர்ப்பாகன் கூறுகிறான். அவற்றைக் கொல்லுமாறு நேமி ஆணையிடவில்லை. அவற்றின்மேல் அவருக்குப் பகையும் இல்லை. 'இது என் செயலன்று' என்று கூறித் தேரைச் செலுத்தியிருந்தால் உலகம் அவரைக் குறை கூறியிராது. அவரோ தேரை நிறுத்தினார்; திரும்பினார்; துறவு பூண்டார். பட்டியில் கிடந்த அவ்விலங்குகளைப் போன்றவர்களே போர்க்களத்தில் அகப்பட்ட பொதுமக்கள். இருதரத்தார் வழக்கிலும் அவர்களுக்குப் பங்கில்லை. வழியில் இருக்கிறார்கள், அவ்வளவே.

இந்நகரமே ஓர் இரவு அந்நிலையில் இருந்தது. 1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே வந்து ஏறத்தாழ 130 குண்டுகளை வீசிச் சென்றது. குறி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள். அவை பற்றியெரிந்தன. உயர்நீதிமன்ற வளாகச் சுவரிலும் குண்டு பட்டது; அதனைக் குறிக்கும் கல்லை இன்றும் அங்கே காணலாம். இறந்தவர் ஒரு சிலரே. எனினும் அதன்பின் மக்கள் அஞ்சி ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு வெளியேறினர். எம்டன் என்பது நம் பேச்சில் பொல்லாதவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஆனால் அக்கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், தாம் மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முன்னதாக இறக்கிக் காப்பாற்றுவதில் பேர்பெற்றவர். அவருடைய பகைவர்களான ஆங்கிலேயரே இதனைப் பாராட்டி எழுதினர். பிரமாதம் என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் போலவே எம்டன் என்ற பெயருக்கும் நேர்ந்திருக்கிறது!

அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1907 ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, கரையிலுள்ள படைச்சரக்குகளைக் கப்பலிலிருந்து தாக்குவதற்கு இடமளித்தது. அவ்வாறு தாக்குகையில் ஊருக்கு நேரும் தீங்கு இயன்ற அளவு குறையுமாறு கப்பல் தலைவன் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் விதித்தது. பின்னர் வந்த 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளை நம் நாடு 1950 இல் ஏற்றுக்கொண்டது. 1960 இல் அவற்றுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றிற்று. 1977 ஆம் ஆண்டின் கூடுதல் ஒப்பந்தத்தில் நம் நாடு சேரவில்லை. எனினும் அதில் விரிவாக எழுதப்பட்ட நெறிகளை இன்று உலக வழக்காகவே கொள்கின்றனர். போரிடுவோரையும் போரிடாதோரையும் வேறு பிரித்தறிதல், ஐயம் எழுந்தால் பொதுமக்களென்றே கொள்ளுதல், தாக்கும் முன் இலக்கு இன்னதென்று உறுதி செய்தல், தவறென்று தெரிந்தால் தாக்குதலைக் கைவிடுதல் ஆகியவை அந்நெறிகள். இவற்றைப் படிக்கும்போது ஐந்து சமிதிகளின் நினைவு எனக்கு வருகிறது. காலடி வைக்கும் முன் நிலத்தைப் பார் என்பதன்றோ ஈரியா சமிதி! ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. படையினர் அடையும் பயனுக்கு மிஞ்சாத அளவில் பொதுமக்களுக்கு நேரும் இழப்பைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. நம் ஆகமம் அத்தகைய கணக்கு எதனையும் எழுதி வைக்கவில்லை.

கவனம் இன்றிப் போன இடத்தில் யாது நேரும் என்பதை நம் காலத்திலேயே, நமக்கு மிக அருகிலேயே கண்டோம். 2009 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலங்கை அரசு வன்னியில் ஒரு நிலப்பகுதியைத் தாக்குதலற்ற பகுதி என்று அறிவித்து, மக்களை அங்கே செல்லுமாறு கூறிற்று. பின்னர் அது போன்ற வேறு இரு பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011 இல் அளித்த அறிக்கையில், அரசுப் படைகள் அம்மூன்று பகுதிகளின்மீதும் மருத்துவமனைகளின்மீதும் எறிகணை வீசினர் என்பதற்கு நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உள்ளன என்று கூறிற்று. விடுதலைப் புலிகள் மக்களைத் தடுப்பரணாக வைத்திருந்தனர் என்றும், தப்பிச் செல்ல முயன்றோரைச் சுட்டனர் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்ற மதிப்பீட்டையும் அக்குழு தள்ளவில்லை. பொதுமக்களில் ஒருவருக்கும் உயிரிழப்பு நேராதவாறு போரிடுவதே தம் கொள்கை என்று அரசினர் அந்நாட்களில் கூறிவந்தனர். வாயளவில் எண்ணம் தூயதாகவே இருந்தது. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாம் நாளேடுகளைப் படித்துப் பெருமூச்சு விட்டதன்றி வேறென்ன செய்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'எண்ணம் தூயதாயின் போதும்' என்ற இந்த வாதத்தை அமிர்தசந்திர ஆசாரியர் முன்னரே கண்டிருந்தார் போலும். இம்சைக்கு வெளிப்பொருள் காரணமன்று, உள்ளத்தின் பரிணாமமே காரணம் என்று புருஷார்த்த சித்தியுபாயத்தில் அவர் நிலைநாட்டுகிறார். உடனேயே, ஆயினும் அப்பரிணாமம் தூய்மையாய் நிற்கும்பொருட்டு இம்சைக்கு இடமான வெளிச்செயல்களினின்றும் விலகியே தீரவேண்டும் என்கிறார். உள்ளம் தூயது என்று வாயால் கூறிக்கொண்டு கையை அதன் போக்கில் விடுவதற்கு அவர் இடம் தரவில்லை.

சாவுண்டராயரிடம் மீண்டும் வருவோம். போர்கள் பல கண்ட அத்தளபதி தாம் எடுப்பிக்கத் தேர்ந்தது பாகுபலியின் உருவம். பரதனும் பாகுபலியும் எதிர்நின்றபோது, அண்ணன் தம்பி வழக்குக்குப் படைவீரர்கள் ஏன் மடிய வேண்டும் என்று அமைச்சர்கள் தடுத்தார்கள். கண்ணோக்குப் போர், நீர்ப்போர், மற்போர் என்னும் மூன்றினால் இருவரும் தாமே தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மூன்றிலும் பாகுபலி வென்றார். தோற்ற சினத்தில் பரதன் நெறியை மீறிச் சக்கரத்தை ஏவினான். அஃது பாகுபலியை வலம் வந்து நின்றுவிட்டது. போர்நெறி முறிவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். களம் புகும்போது எல்லோரும் நெறியை ஏற்கிறார்கள். தோல்வி முகம் காட்டும்போது கை தானே சக்கரத்தை நாடுகிறது. சுவேதாம்பர மரபினர் போற்றும் பகவதி சூத்திரத்தில், தன்னை முதலில் அடித்தவனையன்றிப் பிறரை அடிப்பதில்லை என்று விரதம் பூண்டு களம் சென்ற வருணன் என்னும் சிராவகனின் வரலாறு உள்ளது. எதிரி முதலில் அம்பெய்ய வாய்ப்பளித்து, மரணக் காயமுற்ற பின்னரே அவன் திருப்பி எய்தான். பின் களத்தை விட்டு விலகித் தர்ப்பைமேல் அமர்ந்து உயிர்நீத்தான். விரதத்தை வீட்டில் வைத்துவிட்டு அவன் போருக்குச் செல்லவில்லை.

இவ்வளவையும் அடுத்த திங்களின் சுவாத்தியாயத்தில் கூறினேன். அந்தப் பேரனும் வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்தான். முடிவில் எழுந்து, "ஐயா, வருணன் எதிரியை நேரில் பார்த்தான். பீரங்கிக்காரனுக்கு இலக்கு கண்ணுக்கே தெரியாது. பல கல் தொலைவில் இருக்கும். வேறொருவர் அளந்து சொல்வதை வைத்துத்தான் சுட வேண்டும். அவன் எங்கே பார்ப்பது?" என்றான். நல்ல வினா. ஒரு பொருளைக் கீழே வைக்கும் முன் இடத்தைப் பார்த்து, மயிற்பீலியால் மெல்லத் துடைத்து வைக்க வேண்டும் என்பது முனிவர்க்குரிய ஆதான நிட்சேபண சமிதி. தன் கண் எட்டாத இடமாயின், பார்த்தவனைக் கேள். எப்போது பார்த்தாய், அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று கேள். விடை தெளிவில்லையேல் வைக்காதே என்று கூறினேன். "மேலதிகாரி வைக்கச் சொன்னால்?" என்றான். நெறிக்குப் புறம்பென்று வெளிப்படையாகத் தெரியும் கொலைக்கு, ஆணை வந்தது என்பது நியாயமாகாதென்று நியூரம்பர்க் விசாரணைக்குப் பின் உலகமே ஏற்றிருக்கிறது என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. அடிக்கடி கேள்வி கேட்கும் இளைய அதிகாரியைப் படையில் யாரும் விரும்பமாட்டார்கள் என்று மெல்லக் கூறினான்.

மூதாட்டியார் இடையே புகுந்து, "கேட்கட்டும் ஐயா. எரிச்சல்படுவார்கள், பட்டுவிட்டுப் போகட்டும்" என்றார்.